சின்ன ஆஸ்பத்திரியில் சுகரையும் இதயத்தையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்வது எப்படி

சுகரும் இருக்கிறது, இதயத்துக்கும் மாத்திரை ஓடுகிறது என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அவசியமில்லை. ரத்தம் எடுப்பது, பிரஷர் பார்ப்பது, ஈசிஜி, பாதத்தைச் சோதிப்பது, மாத்திரையைக் கூட்டிக் குறைப்பது என்று வழக்கமாக நடக்க வேண்டிய வேலையில் முக்கால்வாசி பக்கத்தில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிடும். அதோடு, பெரிய இடத்தில் சுகருக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், கிட்னிக்கு ஒருவர் என்று ஆளுக்கொரு சீட்டு எழுதுவதை இங்கே பெரும்பாலும் ஒரே டாக்டர் பார்க்கிறார், அது சாதாரண வசதி இல்லை. ஆனால் சின்ன ஆஸ்பத்திரியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில் போய்க் கேட்டு வையுங்கள். ராத்திரியில் ஈசிஜி எடுக்க ஆள் உண்டா, அதைப் பார்த்துச் சொல்ல டாக்டர் இருப்பாரா? மாரடைப்பைக் கண்டுபிடிக்க உதவும் ரத்தப் பரிசோதனையான ட்ரோபோனின் இங்கேயே செய்வார்களா? ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி இருப்பில் இருக்கிறதா? மாரடைப்பு என்றால் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு (இதய ரத்தக்குழாய் அடைப்பை பலூன் வைத்துத் திறப்பது) எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், போய்ச் சேர எவ்வளவு நேரம்? எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பவர் எந்தக் கிழமை வருவார்? டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் நர்ஸிடம் கேளுங்கள், இன்னும் நேராகவே பதில் வரும்.

அப்புறம் ஒரு நோட்டு. டாக்டர்கள் மாறுவார்கள், கேஸ் ஷீட் காணாமல் போகும், நோட்டு உங்கள் பையில் இருக்கும். முதல் பக்கத்தில் மாத்திரைகளின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. நோட்டுக்குள் கட்டாயம் இருக்க வேண்டிய ஒன்று, நீங்கள் நன்றாக இருந்தபோது எடுத்த ஈசிஜியின் நகல். சிலருக்கு ஈசிஜியில் நிரந்தரமாகவே ஒரு மாற்றம் இருக்கும், பழைய மாரடைப்பின் தடமாக இருக்கலாம், வேறு காரணமாகவும் இருக்கலாம். நள்ளிரவில் உங்களை முதல்முறையாகப் பார்க்கும் டாக்டருக்கு அது பழசா புதுசா என்று தெரிய வழியே இல்லை, பழைய தாள் பக்கத்தில் இருந்தால் நொடியில் ஒப்பிட்டுவிடுவார். அந்தத் தாள் நாளாக ஆக வெளுத்துவிடும், போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் நாள். வெறும் வயிறு என்றால் குறைந்தது 8 மணி நேரம், தண்ணீர் மட்டும் குடிக்கலாம். சுகர் மாத்திரையையோ சாப்பாட்டோடு போடும் இன்சுலினையோ வீட்டிலேயே போட்டுக்கொண்டு பட்டினியாக வரிசையில் நிற்காதீர்கள், கையோடு கொண்டுவந்து ரத்தம் கொடுத்த பிறகு சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரையை வழக்கம்போல் போடலாமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பின் பார்க்கும் பரிசோதனைக்கு 2 மணி நேரம் என்பது முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து கணக்கு. எச்பிஏ1சிக்கு வெறும் வயிறே வேண்டாம், அது கடந்த 2, 3 மாதத்துச் சுகரின் சராசரி. பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் வாயைக் கட்டுகிறவர்கள் வெறும் வயிற்று சுகரில் தப்பிக்கலாம், எச்பிஏ1சியில் முடியாது. பலருக்கு அது 7 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, வயதானவர்களுக்கும் அடிக்கடி சுகர் இறங்குகிறவர்களுக்கும் டாக்டரே கொஞ்சம் தளர்த்தி வைப்பார். ரத்தசோகை இருந்தாலோ சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ இந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது, மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

பிரஷர் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதம் தேவை. வேகமாக நடந்து வந்த மூச்சோடு, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, நர்ஸ் ஏதோ கேட்க நீங்கள் பதில் சொல்ல, 160 என்று எழுதிவிட்டால் தேவையில்லாத ஒரு மாத்திரை கூடும். 5 நிமிஷம் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, பேசாமல் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். எண் கூடுதலாக வந்தால் கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தடவை.

வருஷத்துக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டியவை கூட்டத்தில் விட்டுப்போகும், பெயர் சொல்லிக் கேளுங்கள். சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் (சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையில் ஆரம்பக்கட்டக் கிட்னிப் பாதிப்பு தெரியாது), ரத்தத்தில் கிரியேட்டினின், கொலஸ்ட்ரால், கண்மணியை விரிய வைத்து விழித்திரைப் பரிசோதனை. கண்ணுக்கு வேறு இடம் போக வேண்டியிருக்கும், சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாதத்துக்கு ஒரே வழிதான், நாற்காலியில் உட்கார்ந்ததும் நீங்களே செருப்பையும் சாக்ஸையும் கழற்றிவிடுங்கள், பார்க்காமல் அனுப்ப மாட்டார்கள்.

மருந்தில் சில விஷயம். கொலஸ்ட்ரால் நார்மல்தானே, ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை) எதற்கு என்று நிறுத்துகிறவர்கள் அதிகம். சுகர் உள்ள 40 வயதைத் தாண்டியவர்களுக்கு அது மாரடைப்பைத் தடுக்கக் கொடுப்பது, எண்ணைப் பார்த்து மட்டும் கொடுப்பதில்லை. இதயத்துக்குக் கொடுக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் சுகர் இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வை மட்டும் தெரியும். சுகர் 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். வாந்தி பேதி வந்து சாப்பிட முடியாத நாளில் மெட்ஃபார்மின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற சுகர் மாத்திரைகளை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று இப்போதே கேட்டு நோட்டில் எழுதுங்கள். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கும் வலி மாத்திரை பலவும் கிட்னிக்கும் ஆகாது, பலவீனமான இதயத்துக்கும் ஆகாது.

இனி அவசரம். சுகர் பல வருஷமாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் வரலாம். திடீரென்று மூச்சிரைப்பு, காரணமில்லாத வியர்வை, குமட்டல், தாடையிலோ கையிலோ வலி, இப்படி ஏதாவது என்றால் வெறும் வாயுக்கோளாறு என்று தள்ளிப்போடாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், நீங்களே வண்டி ஓட்டாதீர்கள். உள்ளே போனதும் “சுகர் இருக்கு, உடனே ஈசிஜி எடுங்க” என்று சொல்லுங்கள், 10 நிமிஷத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதுதான் விதிமுறை. முதல் ஈசிஜி நார்மலாக இருந்தாலும் கிளம்பிவிடக் கூடாது, திரும்ப எடுப்பார்கள், ட்ரோபோனினும் சில மணி நேரம் விட்டு மறுபடி பார்ப்பார்கள். 2 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி நடக்க வாய்ப்பில்லை என்றால், பொருந்துகிறவர்களுக்குக் கட்டி கரைக்கும் ஊசியை இங்கேயே போட்டுவிட்டு அனுப்புவார்கள். இந்த இடத்தில்தான் சொந்தக்காரர்கள் “ஊசியெல்லாம் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்கிறோம்” என்று தடுக்கிறார்கள். தடுக்காதீர்கள், ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை போய்க்கொண்டிருக்கும்.

ஸ்டென்ட் (ரத்தக்குழாய் மூடாமல் தாங்கும் சின்ன வலைக்குழாய்) வைத்துத் திரும்பினால் ஒரு வாரத்துக்குள் டிஸ்சார்ஜ் சம்மரியோடு பழைய டாக்டரிடம் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த இரண்டு மாத்திரைகளைப் பல் பிடுங்குவதற்குக்கூட நீங்களாக நிறுத்தக் கூடாது. வீட்டில் இருக்கும் பழைய டப்பா, புது டப்பா எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப்போய் அவர் மேஜையில் கொட்டுங்கள், ஒரே மருந்து இரண்டு கம்பெனி பெயரில் இருந்து, இரண்டையும் விழுங்கிக்கொண்டிருப்பது ரொம்ப சகஜம்.