மதிலடி நிழலில் நீலப் பூ: தூசி விதையிலிருந்து டொரினியா

ஸ்கொட்லாந்தில் இருக்கிற என் மச்சாள் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரே படத்தைத்தான் அனுப்புவாள்: அவளுடைய பின்வளவில் பூத்த இமயமலை நீலப் பொப்பி. வெள்ளைச் சட்டைக்குப் போடுகிற சொட்டு நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் விட்டால் வருமே, அந்த நிறம். போன வருடம் "விதை அனுப்பட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

தாவரத் தடுப்புக்காப்பு அனுமதி இல்லாமல் விதையைத் தபாலில் எடுப்பிக்கக் கூடாது என்பது ஒரு காரணம். பெரிய காரணம், அந்தச் செடி கொழும்பில் பிழைக்காது. திபெத்துப் பக்கம் 3,000 மீற்றருக்கு மேலே வளர்கிற செடி அது. 1913இல் பெய்லி என்ற அதிகாரி கண்டெடுத்தார், 1924இல் கிங்டன் வார்ட் என்பவர் அதன் விதையைச் சேகரித்து பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனார். ஈரமும் குளிருமான கோடை அதற்கு வேண்டும், பனிக்காலத்தில் நிலத்துக்குள் தூங்கவும் வேண்டும். நமக்கோ வருடச் சராசரியே 27 பாகை. நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் 16 பாகை கிடைக்கும், ஆனால் அந்த நீண்ட குளிர்காலத் தூக்கம் அங்கேயும் கிடைக்காது. ஆகவே இணையத்தில் யாராவது நீலப் பொப்பி விதை விற்றால் காசைக் கொட்டாதீர்கள்.

ஆனால் அவள் அந்த விதையை எப்படி முளைக்க வைக்கிறாள் என்று தொலைபேசியில் சொன்னது எனக்கு நன்றாக உதவியது. வெள்ளவத்தையில் எங்கள் மதிலடியில் மத்தியானத்துக்குப் பிறகு வெயிலே விழாது. அந்த இடத்துக்குப் பொருத்தமான நீலப் பூ டொரினியா. இந்தோசீனப் பக்கத்துச் செடி, நம் வெக்கைக்கும் ஈரத்துக்கும் பழகினது. அதன் விதையும் பொப்பி விதை போல மிகச் சின்னது. சின்னது என்றால் ஒரு கிராமில் 10,000க்கு மேல் இருக்கும். (பலூடாவில் மிதக்கிற கசகசாவை நினைக்க வேண்டாம். அது பொப்பி விதையே இல்லை, துளசி இனத்து விதை.)

எப்போது விதைப்பது

ஜனவரி நல்லது. டொரினியா முளைக்க 21 முதல் 24 பாகை போதும். கொழும்பில் இரவு அந்த அளவுக்கு நன்றாக இறங்குவது பெரும்பாலும் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை. பெருமழையும் அப்போது குறைவு. நடுப்பகலில் வீட்டுக்குள் எந்த ஜன்னலோரம் குளிர்ச்சியாக இருக்கிறதோ, விதைப் பெட்டியை அங்கே வையுங்கள்.

விதை வாங்குகிறவர்கள், நிமிர்ந்து வளர்கிற வகையா என்று பாருங்கள். தொங்கு சாடிக்கென்று விற்கிற படரும் வகைகள் பெரும்பாலும் தண்டை வெட்டி நட்டு வளர்ப்பவை, அவற்றில் விதை பிடிக்காது.

மண்ணும் பெட்டியும்

சாப்பாட்டுக் கடையில் தருகிற மூடியுள்ள தெளிந்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்து, அடியில் பத்துப் பன்னிரண்டு துளை போடுங்கள். தும்புத்தூளை இரண்டு மூன்று தரம் அலசிப் பிழியுங்கள், அதில் உப்பு இருக்கும். அதில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு கூட்டெரு சேர்த்து, எல்லாவற்றையும் அரிதட்டில் அரித்து, பெட்டியில் மூன்று விரல் உயரத்துக்கு நிரப்பி மட்டமாக்குங்கள். பிறகு கேத்தலில் கொதிக்கிற தண்ணீரை மெதுவாக ஊற்றி முழுவதும் நனையுங்கள். பூஞ்சணத்துக்கும் களை விதைக்கும் இது முதல் அடி. நன்றாக ஆறிய பிறகுதான் அடுத்த வேலை.

விதைப்பது

தொடக்கக்காரர் எல்லாரும் பிழை விடுகிற இடம் இதுதான், நானும் விட்டேன். முதல் தரம் வெண்டிக்காய் விதை மாதிரி நினைத்து மேலே மண் தூவி மூடினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. மச்சாளிடம் சொன்னதும் சிரித்தாள். பொப்பியோ டொரினியாவோ, இந்த மாதிரி விதைக்கு வெளிச்சம் பட வேண்டும், மண்ணின் மேலே சும்மா கிடக்க வேண்டும்.

ஒரு சிட்டிகை விதையை ஒரு தேக்கரண்டி காய்ந்த நுண்மணலோடு கலந்து, நடுவில் மடித்த தடித்த காகிதத்தில் வைத்து, விரலால் தட்டித் தட்டிப் பரவலாக விழ வையுங்கள். மணல் எங்கே விழுந்தது என்று தெரிவதால் விதை ஒரே இடத்தில் குவியாது. உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள், விதை ஈர மண்ணைத் தொட்டால் போதும். மூடியைப் போட்டு, நேர் வெயில் படாத வெளிச்சமான ஜன்னலோரம் வையுங்கள்.

தண்ணீர்

மேலே ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். ஒரு தட்டில் இரண்டு விரல் தண்ணீர் வைத்து, பெட்டியை அதில் இருபது நிமிடம் இறக்குங்கள். மேல்மண் கறுத்ததும் எடுத்துவிடுங்கள். தட்டில் மிச்சத் தண்ணீரை விட்டு வைக்காதீர்கள். கொழும்பில் இது வெறும் தோட்ட ஆலோசனை அல்ல, டெங்குப் பரிசோதனைக்கு பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் முதலில் பார்ப்பது பூச்சாடித் தட்டைத்தான்.

ஏழு முதல் பதினைந்து நாளில் பச்சைப் புள்ளி தெரியும். அதுவரை மாமி தினமும் ஒரு தரம் வந்து, "என்ன பிள்ளை, வெறும் மண்ணையோ காவல் காக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுப் போவார். பொறுங்கள். மச்சாளுடைய பொப்பி மாதக்கணக்கில் காக்க வைக்குமாம்.

முளைத்த பிறகு

புள்ளி தெரிந்ததும் மூடியை ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். முதல் நாள் ஒரு ஈர்க்குச்சி அளவு இடைவெளி, அடுத்த நாள் கொஞ்சம் கூட, ஒரு வாரத்தில் முழுதாகத் திறந்துவிடலாம். எப்போதும் மூடியே வைத்தால் நாற்றழுகல் வரும். நேற்று நின்ற நாற்று இன்று அடித்தண்டு நூலாக மெலிந்து சரிந்து கிடக்கும். அந்த இடத்து மண்ணோடு சுரண்டி எறிந்துவிட்டு, மற்றதைக் காற்றுப் படும் இடத்துக்கு மாற்றுங்கள். சரிந்ததை எழுப்ப முடியாது.

நாலைந்து கிழமையில், முதலில் வந்த வித்திலைக்கு மேலே உண்மையான இலை இரண்டு சோடி வந்துவிடும். அப்போது யோகட் கோப்பைகளில் பிரித்து நடுங்கள். ஐஸ்கிறீம் குச்சியால் அடியிலிருந்து நெம்பி, இலையைப் பிடித்துத் தூக்குங்கள். தண்டைப் பிடிக்காதீர்கள்: இலை கிழிந்தால் வேறு வரும், தண்டு நசிந்தால் செடியே போச்சு.

செடி ஒரு விரல் நீளம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை வெடிக்கும். அங்கே மச்சாளும் கிள்ளுவாள், ஆனால் நுனியை அல்ல, பூமொட்டை. முதல் வருடமே பூத்தால் பொப்பி சில வேளை பூத்த களைப்பிலேயே செத்துப்போகுமாம். டொரினியா எப்படியும் ஒரு பருவச் செடி, அந்தக் கவலை இல்லை.

நிலத்தில்

காலையில் ஒன்பது மணி வரை வெயில் விழுந்து பிறகு நிழலாகிற இடம் மிக நல்லது. ஒரு சாண் இடைவெளி விட்டு நடுங்கள். திரவ உரத்தைப் பாதி அளவில் கரைத்து இரண்டு கிழமைக்கு ஒரு தரம் போதும். எதிரி நத்தைதான். இரவு எட்டு மணிக்கு டோர்ச்சோடு போய்ப் பொறுக்குகிறதைவிட நல்ல மருந்து நான் இன்னும் காணவில்லை.

விதைத்து மூன்று மாதத்தில் பூக்கும். பூவின் தொண்டைக்குள் சூல்முடி, அதாவது மகரந்தத்தை ஏற்கிற நுனி, இரண்டு உதடு மாதிரித் திறந்திருக்கும். ஈர்க்குச்சியால் தொட்டால் மூடிக்கொள்ளும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதற்காகவே மதிலடியில் குந்தியிருப்பார்கள்.

பூ உதிர்ந்து விதை உறை காய்ந்து பழுப்பானதும் விதையைக் காகிதத்தில் உதிர்த்து, கொஞ்சம் வறுத்த அரிசியோடு சின்னப் போத்தலில் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். கலப்பின விதையென்றால் அடுத்த தலைமுறையில் நிறம் மாறி வரலாம், எனக்கு வெள்ளையும் ஊதாவும் வந்தன.

இந்த வருடம் மச்சாளுக்கு ஏப்ரலிலேயே படம் அனுப்பிவிட்டேன். அவளுடைய பொப்பி அப்போதுதான் இலை விட்டுக்கொண்டிருந்தது.