பூனைங்க சண்டை, சுவரெல்லாம் மூத்திரம்: நாலு மாசத்துல நான் சரி பண்ணின விதம்

எங்க வீட்ல மூணு பூனை. கரியன், செம்பா ரெண்டும் ஆண், வெள்ளச்சி பொண்ணு. ரெண்டு வருஷமா ஒரே மெத்தைல சுருண்டு தூங்கினதுங்க, திடீர்னு ஒருநாள் சாயங்காலம் கரியன் செம்பா மேல பாய்ஞ்சான், அதுல ஆரம்பிச்சது, அப்புறம் வாரத்துல நாலு நாள் சண்டை, சோஃபா பின்பக்கம், ஸ்க்ரீன் துணி, செருப்பு ஸ்டாண்ட்னு ஒரு இடம் பாக்கி இல்லாம மூத்திரம். எனக்கு எது வேலை செஞ்சுதோ அதை அப்படியே வரிசையா எழுதுறேன்.

முதல்ல டாக்டர். இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க. வாலைத் தூக்கி, வால் நுனி நடுங்க, நின்ன வாக்குலயே சுவர்ல கொஞ்சமா பீச்சினா அது ஸ்ப்ரே, அதாவது வாசனையால அடையாளம் வைக்கிறது. உக்காந்து தரைல நிறைய போனா அது பெரும்பாலும் வேற பிரச்சனை, ஒண்ணு உடம்பு சரியில்ல, இல்லன்னா லிட்டர் பாக்ஸ் (பூனை கக்கூஸ் போற மணல் டப்பா) பிடிக்கல. ஆண் பூனை முக்கி முக்கி உக்காந்தும் சொட்டு வரலன்னா குழாய் அடைச்சிருக்கலாம், ராத்திரின்னாலும் உடனே தூக்கிட்டு ஓடுங்க, ஒண்ணு ரெண்டு நாள்ல உயிரே போயிடும்.

கருத்தடை பண்ணலன்னா அடுத்து அதுதான். பண்ணின உடனே நிக்காது, ஹார்மோன் வடிய சில வாரம் ஆகும். பண்ணினாலும் ஆண்ல பத்துல ஒண்ணு, பொண்ணுல இருபதுல ஒண்ணு ஸ்ப்ரே பண்ணத்தான் செய்யும். எங்க மூணுக்கும் குட்டியிலயே பண்ணியாச்சு, அப்பவும் இந்தக் கதை.

கழுவுறது: என்சைம் க்ளீனர் (மூத்திரக் கறையையே சிதைக்கிற திரவம்) தவிர வேற எதையும் நான் சிபாரிசு பண்ண மாட்டேன். சோப்புத் தண்ணி போட்டா நமக்கு நாத்தம் போன மாதிரி இருக்கும், ஆனா யூரிக் ஆசிட் தண்ணில சுலபமா கரையாது, காத்துல ஈரம் ஏறினதும் நாத்தம் திரும்பி வரும், பூனையும் அதே இடத்துக்கு வரும். பிளீச் வேண்டவே வேண்டாம், மூத்திரத்துல இருக்கிற அமோனியாவோட சேந்தா விஷ வாயு. ஃபினாயிலும் பூனைக்கு விஷம். தேய்க்காம ஒத்தி எடுத்துட்டு, க்ளீனரை நல்லா ஊற விட்டு, தானா காய விடுங்க. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு யூவி டார்ச் அடிச்சுப் பாருங்க, நான் மூணு இடம்னு நினைச்சேன், பதினொண்ணு இருந்துச்சு.

லிட்டர் பாக்ஸ் பூனை எண்ணிக்கையை விட ஒண்ணு கூட, மூணுக்கு நாலு. நாலையும் ஒரே மூலைல வரிசையா வச்சா பூனைக்கு அது ஒரே பாக்ஸ் மாதிரிதான், ஒருத்தன் வழில உக்காந்தா மத்தவங்களுக்கு எல்லாமே அடைப்பு. மூடி போட்டது வேண்டாம், உள்ள போனவன் மாட்டிக்குவான். சாப்பாட்டுத் தட்டும் ஒருத்தரை ஒருத்தர் பாக்காத இடத்துல வைங்க. ஃபெலிவே டிஃப்யூசர் (பூனையை அமைதிப்படுத்துற செயற்கை வாசனையைப் பரப்புற, ப்ளக்குல மாட்டுற கருவி) நானும் வாங்கினேன், துணைக்கு நல்லது, ஆனா முதல்ல பாக்ஸ் வாங்குங்க, அப்புறம் அது.

இப்ப நான் தப்பு பண்ணின இடம், திரும்பச் சேத்து வைக்கிறது. கரியனை தனி ரூம்ல வச்சேன், துணி மாத்தி மாத்தி வச்சு ஒருத்தர் வாசனையை இன்னொருத்தருக்குப் பழக்கினேன், மூடின கதவுக்கு ரெண்டு பக்கமும் தட்டு வச்சு தினமும் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட கொண்டு வந்தேன். ஆறாவது நாள் ரெண்டும் அமைதியா சாப்பிட்டுச்சு, சரியாயிடுச்சுன்னு கதவைத் திறந்துட்டேன். ரெண்டு நிமிஷத்துல செம்பா காது கிழிஞ்சு ரத்தம். எல்லாம் முதல்ல இருந்து.

ரெண்டாவது தடவை கதவுல வலை கட்டிட்டு தரைல உக்காந்து பாத்தேன். சத்தமே இல்ல, ஆனா கரியன் தட்டுல வாயை வச்சுட்டு கண்ணை மட்டும் செம்பா மேலயே வச்சிருக்கான், இமைக்கல, காது பக்கவாட்டுல திரும்பியிருக்கு, வால் நுனி மட்டும் டக் டக்னு தரைல அடிக்குது. செம்பா பாதித் தட்டுல நிறுத்திட்டு நகந்துட்டான். அன்னைக்கு ராத்திரியே சோஃபால மூத்திரம், அடிச்சது செம்பா! அதுவரைக்கும் நான் கரியனைத்தான் திட்டிட்டு இருந்தேன். பழி வாங்குறதுக்காக பண்ணல, பயந்துதான் பண்றான். திட்டினா இன்னும் பயம்தான் ஏறும்.

அதனால என்னோட அளவுகோல் இதுதான்: முறைப்பு இருந்தா தட்டை ரெண்டடி பின்னாடி எடுத்துடுங்க. ரெண்டும் தட்டைக் காலி பண்ணிட்டு, திரும்பி உக்காந்து முகம் கழுவினா மட்டும் அடுத்த நாள் ஒரு சாண் முன்னாடி. எனக்கு இதுக்கே ஏழு வாரம். வலையை எடுத்ததும் முதல்ல அஞ்சு நிமிஷம், சண்டை வரும் முன்னாடியே பிரிச்சுடணும். முறைக்கும்போது நடுவுல ஒரு அட்டையை இறக்குங்க, கையை விடாதீங்க, பூனைக்கடி சீக்கிரம் சீழ் வைக்கும்.

ஆரம்பக் காரணம் கடைசிலதான் தெரிஞ்சுது. சாயங்காலம் ஜன்னல் வெளில ஒரு தெருப்பூனை வந்து உக்காரும், அதைத் தொட முடியாத கோவத்தை கரியன் பக்கத்துல இருந்த செம்பா மேல காட்டியிருக்கான். கண்ணாடியோட கீழ்ப்பாதில மங்கல் ஸ்டிக்கர் ஒட்டினேன்.

பின்சேர்க்கை: எந்தப் பூனை மூத்திரம் அடிக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. கேமரா வைங்க. முடியலன்னா டாக்டர் ஃப்ளோரசின்னு ஒரு சாயம் குடுப்பார், அதைக் குடுத்த பூனையோட மூத்திரம் யூவி வெளிச்சத்துல பளிச்சுனு தெரியும். எல்லாம் பண்ணியும் நிக்கலன்னா மாத்திரையும் இருக்கு, டாக்டர் சொன்னா மட்டும்.

இன்னொருத்தர் வீட்ல டாக்டர்கிட்ட போய்ட்டு வந்த பூனையை மத்தது அடிச்சிருக்கு. மருந்து வாசனைல அடையாளம் தெரியாம போயிடும். போன மாசம் செம்பாவை ஊசி போட்டு கூட்டிட்டு வந்ததும், ஒரு ராத்திரி அவன் படுக்கைத் துணியோட தனி ரூம்ல விட்டேன். காலைல கதவைத் திறந்தேன், கரியன் வந்து மூக்கோட மூக்கு வச்சு மோந்துட்டு, நேரா தன் தட்டுக்குப் போய்ட்டான்.