மளிகை லிஸ்ட்டை எடுங்கள், கணக்குப் போடுவோம்: சர்க்கரையும் பிரஷரும் வருவதற்கு முன்னால் வீட்டுச் சாப்பாட்டைச் சரிசெய்வது எப்படி

போன மாத மளிகை லிஸ்ட் வீட்டில் எங்கேயாவது கிடக்கும், தேடி எடுங்கள். அண்ணாச்சி கடைச் சீட்டோ சூப்பர் மார்க்கெட் பில்லோ, எதுவானாலும் சரி. கூடவே ஒரு பேனாவும் கால்குலேட்டரும் போதும். "நாங்க அளவாத்தான் சாப்பிடுறோம்" என்று சொல்லாத வீடு கிடையாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம், ஒரு செக்கப்பில் எனக்கு மூன்று மாத சராசரிச் சர்க்கரை (லேப் ரிப்போர்ட்டில் HbA1c) 6.1 சதவீதம் என்று வரும்வரை. 5.7-இலிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய படி, 6.5-ஐத் தொட்டால் நோயே வந்தாயிற்று. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து லிஸ்ட்டைப் பார்த்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது.

கணக்குக்கு அடிப்படை வேண்டுமே. ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியைப் புதுப்பித்து வெளியிட்டது. (இந்த நிறுவனத்தின் பூர்வீகம் நம்ம குன்னூர். 1918-இல் வைட்டமின் பி1 குறைவால் வருகிற பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் அங்கே தொடங்கியது, 1958-இல்தான் ஹைதராபாத்துக்குப் போனது. அவர் இந்தியாவின் பல பகுதிச் சாப்பாடுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், கோதுமை ரொட்டி, பால், காய்கறி, பருப்பு என்று தின்ற சீக்கியர் சாப்பாட்டு எலிகள் கொழுகொழுவென்று இருந்தன, தீட்டிய அரிசியையே நம்பியிருந்த மதராஸ் சாப்பாட்டு எலிகள் நோஞ்சானாகக் கிடந்தன. நூறு வருடமாகியும் நம் லிஸ்ட்டில் முதல் வரி என்ன என்று பாருங்கள்.)

அந்த வழிகாட்டியில் ஒரு நாளைக்கு 2000 கலோரிக்கு என்று ஒரு மாதிரித் தட்டு இருக்கிறது. அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம். பருப்பு, பயறு, முட்டை, மீன், கறி எல்லாம் சேர்த்து 85 கிராம். காய்கறியும் கீரையும் 400, பழம் 100, பால் அல்லது தயிர் 300 மில்லி, வேர்க்கடலை மாதிரி கொட்டை வகைகள் 35, எண்ணெய் நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம். தானியமும் பருப்பும் சமைப்பதற்கு முன்னால் உள்ள எடை, வெந்த சாதத்தின் எடை இல்லை. உடம்பை வருத்தி வேலை செய்கிறவர்களுக்குக் கூடும், சின்னக் குழந்தைகளுக்குக் குறையும்.

இதை 30-ஆல் பெருக்குங்கள். பெரியவர் ஒருவருக்கு மாதம் தானியம் ஏழரை கிலோ, பருப்பு வகை இரண்டரை கிலோ, எண்ணெய் 900 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் வீட்டில் மூன்று பேர். அரிசி மூட்டை 25 கிலோ, இட்லி அரிசி 5, ஆட்டா, ரவை, சேமியா எல்லாம் சேர்த்து இன்னொரு 6 கிலோ, ஆக 36. இருக்க வேண்டியது இருபத்திரண்டரை. பருப்புப் பக்கம் துவரை 2, உளுந்து ஒன்றரை, பாசிப்பருப்பு அரை, மொத்தம் 4 கிலோ. இருக்க வேண்டியது ஏழரை. முட்டையும் ஞாயிற்றுக்கிழமை மீனும் கொஞ்சம் ஈடுகட்டும், ஆனாலும் பள்ளம் பள்ளம்தான்.

"தினமும் சாம்பார் வைக்கிறோமே" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு டம்ளர் துவரம்பருப்பு, நிறுத்துப் பார்த்தால் 160 கிராம். அதை மூன்று பேர் மதியமும் ராத்திரியும் ஊற்றிக்கொள்கிறோம் என்றால் ஆளுக்கு நாள் முழுவதற்கும் 53 கிராம்தான், அதிலும் ரசம் வைக்கிற நாளில் அதுவும் கிடையாது. வழி என்னவென்றால் சாம்பாரைக் கெட்டியாக்குவது இல்லை (அதற்கும் சேர்த்துச் சாதம் போட்டுக்கொள்வோம்), பருப்பைச் சாதத்திலிருந்து பிரித்துச் சாப்பிடுவது. சாயங்காலம் மிக்சருக்குப் பதிலாகச் சுண்டல், காலையில் வாரத்துக்கு இரண்டு நாள் அடை அல்லது பெசரட்டு, பொரியலுக்குப் பதில் பாசிப்பருப்பு போட்ட கூட்டு. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு (காராமணி) இரண்டும் மாதம் ஒவ்வொரு கிலோ லிஸ்ட்டில் ஏறிவிட்டால், முதல் நாள் ராத்திரி ஊறப்போட ஞாபகம் வைத்துக்கொள்வது மட்டும்தான் வேலை. அதுதான் பெரிய வேலை என்பதும் உண்மை. நான் போனில் ராத்திரி ஒன்பதரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.

அரிசியை ஒரேயடியாகக் குறைக்காதீர்கள், வீட்டில் கலவரம் வரும். மூன்று கரண்டி சாதம் இரண்டாக ஆகிற அதே வேளையில் தட்டில் காய் இரண்டு பங்காக வேண்டும், இல்லாவிட்டால் நான்கு மணிக்குப் பசித்து பிஸ்கட் டப்பாவைத் திறப்பீர்கள். முதலில் பொரியலைத் தனியாகச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சாதத்தைப் பிசைந்தால் சர்க்கரை ஏறுகிற வேகம் குறையும். ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் மட்டும் டாக்டரிடம் சொல்லாமல் சாதத்தைக் குறைக்க வேண்டாம், மருந்தளவு அப்படியே இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பருப்பைக் கூட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை. கம்பும் வரகும் நல்லதுதான், நார்ச்சத்து உண்டு, ஆனால் அதுவும் அந்த 250 கிராமுக்குள்தான் வரும். வழக்கமான சாதத்துக்கு மேல் கேழ்வரகுக் கஞ்சியும் குடித்துவிட்டு நான் ஆரோக்கியமாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்வது கணக்கில் சேராது. மாவாக அரைத்துக் காய்ச்சிய கஞ்சி, முழுதாக வேகவைத்துச் சாப்பிடுவதைவிட வேகமாகச் சர்க்கரையை ஏற்றும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாவற்றுக்கும் இதே கதைதான், நிறம் மாறினாலும் ரத்தத்துக்கு அது இனிப்புதான். செக்கு எண்ணெய்க்கும் மறுபடி இதே கதை, எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி. எங்கள் லிஸ்ட்டில் 4 லிட்டர் இருந்தது, இப்போது மூன்றுக்குக் கொஞ்சம் கீழே. தோசைக்கு எண்ணெய்ச் சட்டியிலிருந்து ஊற்றுவதை விட்டுவிட்டு ஸ்பூனால் விட ஆரம்பித்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பொரித்த எண்ணெயை வடிகட்டி மறுபடி மறுபடி காய்ச்சுகிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

இப்போது பிரஷரை ஏற்றுகிற உப்பு. இதுதான் எனக்குப் பிடித்த சோதனை, ஏனென்றால் ஏமாற்றவே முடியாது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கிற அன்றைக்கு டப்பாவின் மூடியில் தேதியை மார்க்கரில் எழுதுங்கள். காலியாகிற அன்று நாள் எண்ணுங்கள். மூன்று பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் அறுபத்தாறு நாளுக்கு மேல் வர வேண்டும். எங்களுக்கு 30 நாளில் தீர்ந்தது. மீன் கழுவியது, சாதம் வடித்தது என்று கொஞ்சத்தைக் கழித்தாலும் ஆளுக்கு 9, 10 கிராம் உள்ளே போயிருக்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், பேக்கரி சாமான் இவற்றில் இருக்கும் உப்பு இந்தக் கணக்கில் வரவே இல்லை.

குறைப்பதை வீட்டில் அறிவிக்காதீர்கள். அறிவித்தால் முதல் வாய் சாப்பிட்டதுமே உப்பில்லை என்பார்கள். வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரத்தில் நாக்கு பழகிவிடும், அப்புறம் ஹோட்டல் சாம்பார்தான் கரிக்கும். சாதம் வடிக்கும்போதும் சப்பாத்தி மாவிலும் உப்பு போடுவதை முதலில் நிறுத்துங்கள், யாருக்கும் தெரியாது. எலுமிச்சை, புளி, மிளகு, கறிவேப்பிலை தூக்கலாக இருந்தால் உப்புக் குறை மறையும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

காய்கறி மளிகை லிஸ்ட்டில் வராது, ஆனால் அதுதான் பெரிய ஓட்டை. மூன்று பேருக்கு ஒரு நாளைக்கு 1,200 கிராம். எண்ணிப் பாருங்கள், நாம் வாங்குவது கால் கிலோ பீன்ஸ், கால் கிலோ கத்திரிக்காய், சாம்பாருக்கு ஒரு முருங்கைக்காய். உருளைக்கிழங்கைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள், அது மாவுப்பக்கம். விலை ஏறிய மாதத்தில் பீன்ஸ், கேரட்டைத் துரத்தாமல் பூசணி, சுரைக்காய், வாழைத்தண்டு, முள்ளங்கி, முருங்கைக்கீரை என்று போனால் கட்டுப்படியாகும். கீரை ஆய்வதற்கு நேரமில்லை என்பது எல்லோர் வீட்டிலும் உள்ள பேச்சு, எங்கள் வீட்டில் டிவி பார்க்கும்போது யார் கையும் சும்மா இருக்கக்கூடாது என்று சட்டமாகிவிட்டது, நானும் ஆய்கிறேன், தண்டெல்லாம் போட்டுவிடுகிறேன் என்று திட்டும் வாங்குகிறேன். கீரை, பயறு சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஒட்டாது, முன்னாலும் பின்னாலும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் லிஸ்ட்டின் பின்பக்கத்தில் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: பிரஷர், இடுப்புச் சுற்றளவு, மூன்று மாதச் சர்க்கரை. வாரத்துக்கு வாரம் எடைமெஷினில் ஏறி இறங்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து அதே லேபில் அதே டெஸ்ட்டை எடுங்கள். எனக்கு இரண்டாம் முறை 5.8 வந்தது. இப்போதைய உப்பு டப்பா மூடியில் போன மாதம் 3-ஆம் தேதி என்று எழுதியிருக்கிறது, இன்றைக்கு 41-ஆவது நாள், இன்னும் கால் டப்பா பாக்கி.