மாட்ரிட்டில் குவெர்னிகாவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

மாட்ரிட்டின் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பலர் ஒரே ஓர் ஓவியத்துக்காகத்தான் வருகிறார்கள்: பிக்காசோ 1937-ல் வரைந்த குவெர்னிகா. லிஃப்டில் ஏறி, நேராக அதன் முன்னால் போய் நின்று, ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அந்த ஓவியம் நாளுக்கு நாள் எப்படி மாறி வளர்ந்தது என்பதற்கான சான்றுகள் பக்கத்திலேயே மாட்டப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் திரும்புவது பெரிய இழப்பு. மூன்று மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிழமையைச் சரிபாருங்கள். ஐரோப்பாவில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்தான் விடுமுறை, இங்கே செவ்வாய். இது தெரியாமல் செவ்வாயன்று வந்து மூடிய கதவைப் பார்ப்பவர்கள் உண்டு. திங்கள், புதன் முதல் சனி வரை காலை 10 முதல் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். ஞாயிறன்று பிற்பகல் 2:30-க்கே மூடிவிடுவார்கள். டிக்கெட் 12 யூரோ. மற்ற நாள்களில் இரவு 7 மணிக்குப் பிறகும் ஞாயிறன்று 12:30-க்குப் பிறகும் இலவசம். இலவச நேரத்திலும் டிக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். இணையத்தில் முன்பே எடுத்து வையுங்கள்.

பணம் மிச்சமாகிறதே என்று இலவச நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? ஏழு மணிக்கு முன்பே வாசலில் வரிசை நீண்டிருக்கும். உள்ளே நுழைந்தவர்கள் எல்லோரும் ஒரே அறைக்குத்தான் விரைவார்கள். மூடுவதற்குக் கால் மணி நேரம் முன்பே அறைகளைக் காலி செய்யத் தொடங்குவதால், இரண்டு மணி நேரமும் முழுதாகக் கிடைக்காது. முதல் முறை போகிறவர்கள் 12 யூரோ கொடுத்து வாரநாள் காலை பத்து மணிக்குப் போவதே நல்லது. இலவச நேரத்தை இரண்டாவது வருகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோவில் வந்தால் 1-ம் வழித்தடத்தில் ‘எஸ்தாசியோன் தெல் ஆர்த்தே’ நிலையத்தில் இறங்க வேண்டும். 2018 வரை இதற்குத்தான் ‘அத்தோச்சா’ என்று பெயர். இப்போது அந்தப் பெயர் அடுத்த நிலையத்துக்குப் போய்விட்டது. பழைய வழிகாட்டி நூலை நம்பி அத்தோச்சாவில் இறங்கிவிட்டாலும் கவலை வேண்டாம். அங்கிருந்தும் சில நிமிட நடைதான்.

அருங்காட்சியகம் இரண்டு கட்டடங்கள் சேர்ந்தது. ஒன்று, 18-ம் நூற்றாண்டில் மருத்துவமனையாகக் கட்டப்பட்ட சபாத்தினி கட்டடம். மற்றொன்று, பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜான் நூவெல் வடிவமைத்து 2005-ல் திறந்த விரிவாக்கம். குவெர்னிகா இருப்பது சபாத்தினியின் 2-ம் தளத்தில், 205.10 எண்ணுள்ள அறையில். காட்சி அமைப்பை அவ்வப்போது மாற்றுவார்கள் என்பதால் நுழைவாயிலில் தளவரைபடத்தைப் பார்த்து எண்ணை உறுதி செய்துகொள்ளுங்கள். மருத்துவமனைக் கட்டடம் என்பதால் நடுவில் முற்றம், அதைச் சுற்றி நீண்ட நடைகூடம், அதிலிருந்து பிரியும் அறைகள் என்ற அமைப்பு. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தெரியும், திசை குழம்பும். ஜன்னல் வழியே முற்றத்துத் தோட்டம் எந்தப் பக்கம் தெரிகிறது என்று கவனித்துக்கொண்டே நடந்தால் வழி தவறாது. பெரிய பையைப் பொருள் காப்பறையில் கொடுத்துவிடுங்கள். மூன்று மணி நேரம் தோளில் சுமந்தால் களைத்துப்போவீர்கள்.

இனி முக்கியமான பகுதி. வந்ததும் ஓவியத்தின் முன் ஐந்து நிமிடம் மட்டும் நில்லுங்கள். உயரம் ஏறக்குறைய 3.5 மீட்டர், அகலம் 7.8 மீட்டர். முழுவதும் கண்ணுக்குள் அடங்க வேண்டுமென்றால், கூட்டம் தடுப்புக் கயிற்றருகே நெருக்கினாலும் நீங்கள் பின்வாங்கி எதிர்ச்சுவர்ப் பக்கம் போய் நில்லுங்கள். எதையும் அடையாளம் காண முயல வேண்டாம்.

பிறகு ஆயத்த வரைபடங்களுக்குப் போங்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், வடக்கே பாஸ்க் பகுதியிலுள்ள குவெர்னிகா என்ற நகரத்தின் மீது குண்டு விழுந்தது 1937 ஏப்ரல் 26. அந்தப் பெயர்தான் ஓவியத்துக்கும். பிக்காசோ முதல் கோட்டுப்படத்தை வரைந்தது மே 1. பல தாள்களில் அவரே தேதி எழுதியிருக்கிறார். அந்தத் தேதிகளைப் படித்து, வரிசைப்படி பாருங்கள். குதிரையும் காளையும் விளக்கேந்திய பெண்ணும் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறார்கள். பெரிய ஓவியத்தில் இல்லாத வண்ணம் சில தாள்களில் இருப்பதையும் கவனியுங்கள்.

அடுத்து, பிக்காசோவின் தோழியும் புகைப்படக் கலைஞருமான டோரா மார் எடுத்த புகைப்படங்கள். இவற்றுக்கு இருபது நிமிடமாவது கொடுங்கள். ஓவியத் துணியில் வேலை நடந்துகொண்டிருந்தபோது அவர் கட்டம் கட்டமாக எடுத்தவை. கீழே விழுந்து கிடக்கும் வீரன், முதல் கட்டத்தில் முஷ்டியை உயர்த்தியிருக்கிறான். அடுத்த கட்டத்தில் அந்தக் கையில் தானியக் கதிர்கள், பின்னால் பெரிய சூரியன். பிறகு அந்தக் கையே இல்லை. முதலில் தலை கவிழ்ந்திருந்த குதிரை, பின்னர் கழுத்தை நிமிர்த்திக் கதறுகிறது. நம்பிக்கையின் நேரடிச் சின்னங்களை ஒவ்வொன்றாகப் பிக்காசோ அழித்திருப்பது இங்கேதான் புரியும்.

இப்போது மீண்டும் குவெர்னிகாவின் முன் வாருங்கள். வலது ஓரத்தில் எரியும் வீட்டில் கைகளை உயர்த்திக் கத்தும் உருவத்திலிருந்து தொடங்கி, இடது பக்கம் இறந்த குழந்தையை ஏந்திய தாய் வரை மெதுவாக நடந்து பாருங்கள். முறிந்த வாளைப் பிடித்த கையருகே ஒரு சிறு பூ இருக்கிறது. அவசரத்தில் பார்ப்பவர்கள் அதைத் தவறவிடுவார்கள். குதிரையின் உடலில் உள்ள சிறு கோடுகள் செய்தித்தாள் எழுத்துகளைப் போலத் தோன்றும்.

2023 செப்டம்பர் முதல் இந்த அறையில் படம் எடுக்கலாம். ஃபிளாஷ், முக்காலி, செல்ஃபி குச்சி கூடாது. பல நாடுகளுக்குச் சுருட்டிக் கொண்டுபோகப்பட்டதால் ஓவியத் துணி மிகவும் நலிந்திருக்கிறது. 1981-ல் நியூயார்க்கிலிருந்து ஸ்பெயினுக்குத் திரும்பிய இந்த ஓவியத்தை அருங்காட்சியகம் யாருக்கும் இரவல் தருவதில்லை.

வெளியே போகும் முன் ஸ்பெயின் அரங்கத்தின் மாதிரியைத் தேடிப் பாருங்கள். 1937 பாரிஸ் கண்காட்சிக்காக ஹோசெப் லூயிஸ் செர்ட்டும் லூயிஸ் லக்காசாவும் கட்டிய அந்த அரங்கத்துக்காகத்தான் குவெர்னிகா வரையப்பட்டது. இவ்வளவு அகலமாக ஏன் என்ற கேள்விக்கு மாதிரியைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

இந்த நேரத்தில் கால் வலிக்கும், எதைப் பார்த்தாலும் மனத்தில் பதியாது. எல்லாத் தளங்களையும் முடிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். கீழே சபாத்தினி தோட்டத்தில் அமெரிக்கச் சிற்பி அலெக்சாந்தர் கால்டரின் அசையும் சிற்பமான ‘கார்மென்’ காற்றில் சுழன்றுகொண்டிருக்கும். அங்கே அரை மணி நேரம் உட்காருங்கள். தெம்பிருந்தால் மேலே வந்து, ஸ்பானிய ஓவியர் டாலி 1925-ல் தன் தங்கையை ஜன்னலருகே நிறுத்தி வரைந்த ஓவியத்தை மட்டும் பார்த்துவிட்டு, நூவெல் கட்டடத்து முற்றம் வழியாக வெளியேறலாம்.