உயர்தரம் முடித்த பிள்ளைக்குத் தொழில்வழி தேடும் பெற்றோருக்கு

உயர்தரப் பெறுபேறு வந்தபின் வீட்டிலிருக்கும் பிள்ளையிடம் "அடுத்து என்ன செய்யப் போகிறாய்?" என்று நாளும் கேட்பதைவிட, அவர் எந்த வேலையில் நேரம் போவது தெரியாமல் ஈடுபடுகிறார் என்பதைக் கவனிப்பதே பயன் தரும். களுவாஞ்சிக்குடியிலோ அக்கரைப்பற்றிலோ தெரிந்தவரின் மோட்டார் சைக்கிள் திருத்துமிடத்தில் மகன் ஏற்கெனவே வேலை பழகியிருந்தால், அந்த அனுபவத்தையே மதிப்பிட்டு, புதிதாகப் பயிற்சிநெறி படிக்காமலே தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை உண்டு. இதைப் பலர் அறியாதிருப்பது மிகவும் வருத்தத்துக்குரியது. அத்தகைமையின் 7 மட்டங்களில் 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமாவாகவும் 7ஆம் மட்டம் பட்டமாகவும் அமைவதால், கைத்தொழிலில் தொடங்கியவருக்கும் மேற்படிப்புக்கான வழி அடைபடுவதில்லை. பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தித்து விவரம் கேளுங்கள். அங்கே பேச வேண்டியவர் பிள்ளைதான். தாய் தகப்பன் கூடப் போனாலும் கேள்விகளை அவரே கேட்கட்டும்.