எலும்புக் கனிமத்தை ஆய்வகத்தில் வீழ்படிவாக்கும் முறை

எலும்புக்கு உறுதி தரும் கனிமம் ஹைட்ராக்சிஅபடைட் வகையைச் சேர்ந்த கால்சியம் பாஸ்பேட். தூய வடிவில் 10 கால்சியத்துக்கு 6 பாஸ்பேட்டும் 2 ஹைட்ராக்சைடும் இருக்கும். கால்சியம்–பாஸ்பரஸ் மோல் விகிதம் 1.67. இதைச் செய்யும்போது மறக்கக் கூடாத ஒன்று: கரைசலிலிருந்து முதலில் விழுவது பெரும்பாலும் படிகமே அல்ல. படிக ஒழுங்கு இல்லாத கால்சியம் பாஸ்பேட் கூழ்தான் முதலில் விழுகிறது. பிறகுதான் அது அபடைட்டாக மாறுகிறது. வெள்ளையாக ஏதோ விழுந்ததும் வேலை முடிந்தது என்று வடிகட்டுபவர்கள் அந்தக் கூழைத்தான் எடுக்கிறார்கள்.

சுமார் 10 கிராம் தூள் கிடைக்க, கால்சியம் நைட்ரேட் டெட்ராஹைட்ரேட் 23.6 கிராம், டைஅம்மோனியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 7.92 கிராம் எடுத்து, ஒவ்வொன்றையும் 200 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் தனித்தனியாகக் கரையுங்கள். நீரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்துப் பயன்படுத்துவது நல்லது. இல்லாவிட்டால் அதில் கரைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடு கார்பனேட்டாகப் படிகத்துக்குள் நுழையும். கால்சியம் நைட்ரேட் காற்றின் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். கசிந்து ஒட்டிக்கொண்ட உப்பை எடைபோட்டால் அதில் பாதி தண்ணீர்தானோ என்னவோ, சொல்ல முடியாது, விகிதம் 1.67க்குக் கீழே போய்விடும். புதிதாகத் திறந்த புட்டியே சரி.

இரண்டு கரைசல்களையும் அம்மோனியா சேர்த்து பி.எச். 10க்கு மேல் கொண்டுவாருங்கள். இந்த வேலை முழுவதும் புகைபோக்கிக் கூண்டுக்குள் நடக்க வேண்டும். கால்சியம் கரைசலைக் காந்தக் கலக்கியில் வேகமாகக் கலக்கிக்கொண்டே, பாஸ்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக, நிமிடத்துக்கு 3 மி.லி. அளவில் விடுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். அபடைட் உருவாகும்போது ஹைட்ராக்சைடு செலவாவதால் பி.எச். தானாகவே இறங்கும், அவ்வப்போது அம்மோனியா சேர்த்து 10க்கு மேலேயே வைத்திருங்கள். பி.எச். 6க்குக் கீழே சரிந்தால் அபடைட்டுக்குப் பதில் புரூஷைட் என்ற வேறொரு கால்சியம் பாஸ்பேட்டின் தகடுகள் வளரும். அதன் கால்சியம்–பாஸ்பரஸ் விகிதம் வெறும் 1.0. பி.எச். மானியின் மின்முனைக் குமிழில் பாஸ்பேட் படிந்து பொய் அளவு காட்டுவதும் உண்டு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்துக் கழுவிவிட்டு அளவிடுங்கள்.

அடுத்தது முதிரவைத்தல். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். உருவமற்ற கூழ் கரைந்து, நுண்ணிய அபடைட்டாக மறுபடி படிய நேரம் வேண்டும். காரத்தன்மை கூடக்கூட அந்தக் கூழ் இன்னும் பிடிவாதமாக நிற்கும். மூடிய கலத்தில், மெல்லக் கலக்கியபடி 24 மணி நேரம் விடுங்கள். சூடு மாற்றத்தை விரைவுபடுத்தும், ஆனால் அம்மோனியாவும் வெளியேறும் என்பதால் பி.எச்.சைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கரைசலில் மெக்னீசியம் கலந்திருந்தால் கூழ் நிலை வெகுநேரம் நீடிக்கும். இரண்டு பாஸ்பேட்கள் இணைந்த பைரோபாஸ்பேட்டும் படிக வளர்ச்சியைத் தடுக்கும். உடலில் அதைச் சிதைத்து வழிவிடுவது ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதி.

வடிகட்டிய பின் நீரால் பலமுறை கழுவுங்கள். மேற்சொன்ன அளவுக்கு 16 கிராம் அம்மோனியம் நைட்ரேட் உடன்விளைவாக உருவாகும். சூட்டில் அது ஆபத்தானது. எனவே வடிநீரை ஒருபோதும் வற்றக் காய்ச்சாதீர்கள், சரியாகக் கழுவாத தூளை உலையில் வைக்காதீர்கள். கழுவியதை 80 டிகிரி செல்சியஸில் ஓரிரவு உலர்த்தலாம்.

விகிதம் சரியா என்று பார்க்க, சிறிதளவை 900 டிகிரியில் 2 மணி நேரம் சுட்டு எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில், அதாவது படிகம் எக்ஸ் கதிரை எந்தெந்தக் கோணத்தில் சிதறடிக்கிறது என்ற பதிவில், பாருங்கள். கால்சியம் குறைந்திருந்தால் பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் என்ற வேறொரு பாஸ்பேட் தெரியும். கூடியிருந்தால் சுண்ணாம்பு தெரியும். கருவி இல்லாவிட்டால், சுட்ட தூளை நீரில் கலக்கி, காரத்தைக் காட்டும் நிறங்காட்டியான பினால்ப்தலீன் விடுங்கள். இளஞ்சிவப்பு வந்தால் சுண்ணாம்பு மிஞ்சியிருக்கிறது. சுடாத தூளின் எக்ஸ் கதிர்ப் பதிவில் 30 டிகிரி கோணத்தருகே ஒரே அகன்ற மேடு மட்டும் வந்தால் கூழ் இன்னும் மாறவில்லை. தாமிர இலக்கிலிருந்து வரும் எக்ஸ் கதிரில் 25.9, 31.8 டிகிரிக் கோணங்களில் முகடுகள் எழுந்தால் அபடைட்.

இப்படிக் கிடைப்பது தூய அபடைட். எலும்பில் இருப்பது அதைவிடக் கலப்பானது. அங்கே கொலாஜன் இழைகளுக்கு இடையிலும் உள்ளும், சில நானோமீட்டர் தடிமனே உள்ள தகடுகளாக, எடையில் பல சதவீதம் கார்பனேட்டுடன் அது வளர்கிறது. அதற்கு நெருக்கமாக வேண்டுமென்றால் 37 டிகிரி, பி.எச். 7.4 இரண்டையும் பிடித்து வைத்து, பாஸ்பேட் கரைசலில் சோடியம் பைகார்பனேட் சேர்த்து வீழ்படிவாக்குங்கள். கார்பனேட் படிகத்தைச் சிறுக்கவைப்பதால் எக்ஸ் கதிர்ப் பதிவில் 32 டிகிரிக் கோணத்தருகே உள்ள முகடுகள் ஒன்றோடொன்று கலந்து மங்கலாகத் தெரியும். அதைக் குறையாக எண்ணி உலையில் வைத்துவிடாதீர்கள். சூட்டில் படிகங்கள் பருத்து, கார்பனேட்டும் வெளியேறிவிடும். இந்தத் தூளை உறையவைத்து வெற்றிடத்தில்தான் உலர்த்த வேண்டும்.