ஓர் இனப்பெயரின் வேரைத் தேடும் முறை: பிரெஞ்சின் ‘கோல்வா’

ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக மட்டும் இரண்டு சொற்களை உறவாக்கிவிடக்கூடாது. ஒலி திரிந்த விதத்துக்கு வேறு சொற்களிலும் சான்று வேண்டும். திருகோணமலையில் நாம் இழுத்துப்போட்டு அமரும் கதிரையிலேயே இதைப் பழகலாம். அது போர்த்துக்கேயரின் ‘கதெய்ரா’. அதற்கு முந்தியது லத்தீனின் ‘கத்தெத்ரா’. அதற்கும் அப்பால் கிரேக்கம்.

இனிக் கடினமான சொல்லுக்கு வருவோம். இன்றைய பிரான்ஸில் முற்காலத்தில் வாழ்ந்த செல்ட்டிய மக்களை உரோமர் ‘கல்லி’ என்றனர். பிரெஞ்சுக்காரர் அவர்களை ‘கோல்வா’ என்பர். இரண்டும் ஒன்றே என்று பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

முதலில் முதலெழுத்தைச் சோதியுங்கள். லத்தீனில் மெலிந்த ‘க’வில் (ga) தொடங்கிய சொற்கள் மக்கள் வாய்வழியே பிரெஞ்சுக்கு வந்தபோது ‘ஜ’ ஆயின. காலைக் குறித்த ‘கம்பா’, ‘ஜாம்ப்’ ஆனது. ஆகவே ‘கல்லி’யின் வழித்தோன்றல் ஜகரத்தில் தொடங்கியிருக்கவேண்டும். மாறாக, ஜெர்மானிய மொழிகளின் ‘வ’ பிரெஞ்சில் ‘க’ ஆகும். ஆங்கிலேயரின் வில்லியம் அங்கே கியோம். அடுத்து உயிரொலி: மெய்க்கு முன் நின்ற ‘அல்’, ‘ஓ’ ஆகும், விடியலைக் குறித்த லத்தீன் ‘அல்பா’ இன்று ‘ஓப்’. இவ்விரு விதிகளையும் பின்னோக்கிச் செலுத்தினால், ஜெர்மானிய மொழி பேசிய ஃபிராங்க் இனத்தாரின் ‘*வல்ஹ’ கிடைக்கும். (நேரடி எழுத்துச்சான்றின்றி மீட்டுருவாக்கிய வடிவத்துக்கு உடுக்குறி இடுவது மரபு, அதை விட்டுவிடாதீர்கள்.)

பொருளைத் தனியே தேடவேண்டும். ‘*வல்ஹ’ என்றால் அயலான், குறிப்பாக லத்தீன் பேசும் அயலான். வேல்ஸ், பெல்ஜியத்தின் வலோனியா, ருமேனியாவின் வலாக்கியா ஆகிய இடப்பெயர்களும் இவ்வேரினவே. சீசர் குறிப்பிடும் ‘வோல்கே’ என்னும் செல்ட்டியக் குலத்தின் பெயரே ஜெர்மானியர் வாயில் அயலார் அனைவருக்கும் பொதுவாகிவிட்டது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

இறுதியாக, பெயரை இட்டவர் யார் என்று கேளுங்கள். சீசர் தம் போர்க்குறிப்புகளின் தொடக்கத்திலேயே, ‘கல்லி’ என்பது உரோமர் வழக்கு, அம்மக்கள் தம்மைச் ‘செல்ட்டே’ என்றே அழைத்தனர் என்கிறார். பிறரை அயலார் என்ற ஃபிராங்குகளின் பெயரும் தப்பவில்லை: அரபு, பாரசீகம் வழியாக அது ‘பறங்கி’ ஆகி, நம் ஊரில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியரைக் குறிக்கிறது.